கூலன்ட் குறைவு விளக்கு விட்டுவிட்டு எரிந்தால்: மலையக வாகன உரிமையாளர்களுக்கான கேள்வி பதில்கள்

காலையில் எரிந்து பத்து நிமிடத்தில் அணைந்துவிடுகிற, ஏற்றத்தில் எரிந்து சமதரையில் மறைந்துவிடுகிற, கராஜுக்குக் கொண்டுபோன அன்று மட்டும் எரியவே எரியாத கூலன்ட் விளக்கைப் பற்றியது இந்தப் பக்கம். கூலன்ட் என்பது எஞ்சினைச் சுற்றி ஓடி அதன் சூட்டைத் தணிக்கும் திரவம். நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, அப்புத்தளை பக்கங்களில் வாகனம் வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டிருக்கிறது.

தொடர்ந்து எரியும் விளக்கைக் காட்டிலும் விட்டுவிட்டு எரியும் விளக்கு அதிகமான தகவலைத் தருகிறது. அது எந்த நேரத்தில், எந்தச் சாய்வில், எஞ்சின் எவ்வளவு சூடான நிலையில் எரிந்தது என்பதிலேயே காரணத்தின் பெரும்பகுதி அடங்கியிருக்கும். அந்தத் தகவலைச் சேர்க்காமல் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பது பணத்தையும் வீணாக்கும், சில வேளை எஞ்சினையும் கெடுத்துவிடும்.

இந்த விளக்கும் வெப்பநிலை விளக்கும் ஒன்றா?

இல்லை. கூலன்ட் குறைவு விளக்கு, கூலன்ட் டேங்கிற்குள் திரவம் ஒரு குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டது என்று சொல்கிறது. வெப்பநிலை விளக்கு, எஞ்சினுக்குள் இருக்கும் திரவம் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது என்று சொல்கிறது. முதலாவது முன்கூட்டியே வரும் எச்சரிக்கை. இரண்டாவது கிட்டத்தட்டக் கடைசி எச்சரிக்கை.

இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. திரவம் மிகவும் குறைந்து, வெப்பநிலையை அளக்கும் சென்சர் திரவத்தில் மூழ்காமல் வெறும் காற்றில் நிற்க நேர்ந்தால், எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே வெப்பமானி சாதாரண அளவைக் காட்டக்கூடும். ஆகவே, ‘முள் நடுவில்தானே நிற்கிறது, பிரச்சினை இல்லை’ என்று நினைத்துக் கூலன்ட் குறைவு விளக்கை அலட்சியம் செய்யக்கூடாது.

என் காரில் காலையில் நீல நிற விளக்கு எரிகிறது. அதுவும் கூலன்ட் குறைவுதானா?

இல்லை. சிறிய ஜப்பானியக் கார்கள் பலவற்றில் வெப்பமானி முள்ளுக்குப் பதிலாக நீலம், சிவப்பு என இரண்டு விளக்குகள் இருக்கின்றன. நீலம், எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்பதைக் காட்டுகிறது. நுவரெலியாவின் தை மாதக் காலையில் அது கொழும்பில் எரிவதைவிடக் கூடுதல் நேரம் எரியும், அது இயல்புதான். ஆனால் அரை மணி நேரம் ஓடிய பிறகும் நீலம் அணையவில்லை என்றால், சூட்டுக்கேற்பக் கூலன்டின் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் மூடாமல் திறந்தபடியே நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

இப்படிப்பட்ட கார்கள் பெரும்பாலானவற்றில் திரவ மட்டத்தை அளக்கும் சென்சரே கிடையாது. மட்டம் குறைந்தால் எந்த விளக்கும் எரியாது. கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மட்டத்துக்கான சென்சர் பொதுவாக ஐரோப்பியக் கார்களிலும் விலை கூடிய சில ஜீப், வான் வகைகளிலும் இருக்கிறது. உங்கள் வாகனத்தில் எது இருக்கிறது என்பதைக் கையேட்டின் விளக்குப் பக்கத்தில் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கொழும்பில் இருக்கும்போது எரிவதே இல்லை. நுவரெலியாவுக்கு வந்து ஓர் இரவு நிறுத்தினால் காலையில் எரிகிறது. ஏன்?

கூலன்ட் சூட்டில் விரிகிறது, குளிரில் சுருங்குகிறது. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட், குளிர்ந்த நிலையிலிருந்து எஞ்சின் ஓடும் வெப்பநிலைக்கு வரும்போது சுமார் 4 முதல் 5 சதவீதம் வரை விரிவடைகிறது. ஐந்து லீற்றர் கொள்ளளவுள்ள ஒரு தொகுதியில் இது கால் லீற்றருக்கு அருகில் வரும். அந்தக் கால் லீற்றருக்கு இடம் கொடுப்பதற்காகத்தான் டேங்க் ஒருபோதும் முழுவதும் நிரப்பப்படுவதில்லை.

கொழும்பில் விடிகாலையில்கூடக் காரின் எஞ்சின் 25 பாகை செல்சியஸுக்கு அருகில் இருக்கும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் அதே கார் 10 பாகையில் விடியும். தை, மாசி மாதங்களில் புல்வெளியில் உறைபனி படியும் காலைகளும் உண்டு. இந்த 15 பாகை வேறுபாட்டினால் ஐந்து லீற்றர் திரவம் ஏறக்குறைய 40 மில்லிலீற்றர் சுருங்கும். பார்வைக்கு அது மிகச் சிறிய அளவு. ஆனால் கொழும்பில் உங்கள் டேங்கின் மட்டம் கீழ்க்கோட்டை ஒட்டியே நின்றிருந்தால், சென்சரின் எல்லைக்குக் கீழே அதை இறக்குவதற்கு அந்த 40 மில்லிலீற்றர் போதும். எஞ்சின் சூடாகித் திரவம் விரிந்ததும் விளக்கு அணைந்துவிடுகிறது.

அதாவது, இங்கே சென்சர் பொய் சொல்லவில்லை. மட்டம் உண்மையிலேயே எல்லையில் நிற்கிறது. அது ஏன் எல்லைக்கு வந்தது, மெல்ல எங்கேனும் கசிகிறதா, அல்லது கடைசி சேர்விஸில் குறைவாக ஊற்றிவிட்டார்களா என்பதே அடுத்த கேள்வி. குளிர்ந்த எஞ்சினில், சமதரையில், மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையில் சரியான அளவுக்கு ஒருமுறை நிரப்பி, மட்டம் நிற்கும் இடத்தில் டேங்கின் மேல் மெல்லிய ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டிவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து, அதே இடத்தில், அதே நேரத்தில் பாருங்கள். மட்டம் அசையாமல் இருந்தால் விஷயம் அத்தோடு முடிந்தது. இறங்கியிருந்தால் கசிவைத் தேட வேண்டும்.

ஏற்றத்திலோ முடக்கிலோ மட்டும் எரிகிறது. சமதரையில் அணைந்துவிடுகிறது.

இதை ஒரு சிறிய கணக்கால் விளக்கலாம். 100 மீற்றருக்கு 10 மீற்றர் உயரும் ஓர் ஏற்றத்தில் கார் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். டேங்க் நீளவாக்கில் 15 சென்ரிமீற்றர் என்றால், அதன் முன்முனைக்கும் பின்முனைக்கும் இடையில் திரவ மட்டம் ஒன்றரைச் சென்ரிமீற்றர் வேறுபடும். சென்சர் டேங்கின் முன்பக்கத்தில் இருந்தால், ஏற்றத்தில் அந்தப் பக்கத்துத் திரவம் முக்கால் சென்ரிமீற்றர் வரை தாழும். பின்பக்கத்தில் இருந்தால் இறக்கத்தில் தாழும். முடக்கில் வேகமாகத் திரும்பும்போது இதுவே பக்கவாட்டில் நடக்கிறது. கம்பளையிலிருந்து புசல்லாவை, இறம்பொடை வழியாக ஏறும் ஏ5 வீதியிலும், கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் ஏ7 வீதியிலும் ஏற்றமும் முடக்கும் மாறி மாறி வருவதால், எல்லையில் நிற்கும் மட்டம் அங்கே பல தடவை விளக்கை எரியவைத்து அணைக்கும்.

நீண்ட இறக்கத்தின் முடிவில் எரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிறிய கியரில், அக்சிலரேற்றரை மிதிக்காமல் இறங்கும்போது எஞ்சின் எரிபொருளை ஏறக்குறைய எரிப்பதே இல்லை. எதிர்க்காற்றும் குளிராக இருக்கிறது. திரவம் குளிர்ந்து சுருங்க, டேங்கின் மட்டம் இறங்குகிறது.

எனவே சாய்வில் மட்டும் எரிந்தால் சென்சரைச் சந்தேகிப்பதற்கு முன் மட்டத்தைச் சந்தேகியுங்கள். சரியான மட்டத்துக்கு நிரப்பிய பின்னும் அதே முடக்கில் எரிந்தால் மட்டுமே வயரும் சென்சரும் விசாரணைக்கு வரவேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது? கராஜுக்குப் போகும் முன் நான் என்ன செய்யலாம்?

விளக்கு எரியும் ஒவ்வொரு முறையும் கையடக்கத் தொலைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள்: எஞ்சின் தொடங்கி எத்தனை நிமிடம், ஏற்றமா இறக்கமா, இடமுடக்கா வலமுடக்கா, மழை பெய்ததா, ஏசி அல்லது ஹீற்றர் ஓடியதா, எரிந்து எத்தனை நிமிடத்தில் அணைந்தது. ஐந்தாறு குறிப்புகள் சேர்ந்ததும் ஒரு போக்கு தெரியத் தொடங்கும். குளிர்ந்த எஞ்சினில் மட்டும் எரிவது மட்டக் குறைவைக் காட்டும். மழையிலும் மூடுபனியிலும் மட்டும் எரிவது வயர் இணைப்பைக் காட்டும். குண்டும் குழியுமான தோட்டப் பாதையில் குலுங்கும்போது கணப்பொழுது எரிந்து அணைவது, தளர்ந்த பிளக்கையோ சிக்கிய மிதவையையோ காட்டும். நீண்ட ஏற்றத்துக்குப் பின், எஞ்சினை நிறுத்தி மறுபடி தொடங்கும்போது எரிவது, ரேடியேற்றர் அல்லது கூலன்ட் டேங்க் மூடி வழியாகத் திரவம் வெளியேறியிருக்கலாம் என்பதைக் காட்டும்.

இந்தக் குறிப்பை கராஜில் வேலை செய்யும் பாஸிடம் காட்டுங்கள். ‘சில நேரம் எரியுது’ என்று மட்டும் சொன்னால், அனுபவமுள்ள பாஸும் ஊகத்தில்தான் வேலை செய்ய வேண்டியிருக்கும்.

மட்டம் இறங்குகிறது. ஆனால் காருக்கு அடியில் ஒரு சொட்டுக்கூட இல்லை. கூலன்ட் எங்கே போகிறது?

இதுதான் மிகவும் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி. இதற்குப் பொறுமையும் வேண்டும். சூடான எஞ்சினின் மேல் விழும் சொட்டு தரைக்கு வருவதற்குள் ஆவியாகிவிடும். கூலன்டில் உள்ள இரசாயனம் மட்டும் வெள்ளை, பச்சை அல்லது இளஞ்சிவப்பு நிறப் படிவாகக் காய்ந்து நிற்கும். ஆகையால் ஈரத்தைத் தேடாமல் படிவைத் தேடுங்கள். குளிர்ந்த எஞ்சினில், டோர்ச் வெளிச்சத்தில், ஹோஸ்கள் ரேடியேற்றருடனும் எஞ்சினுடனும் சேரும் ஒவ்வொரு வாயையும், தெர்மோஸ்டாட் மூடியின் விளிம்பையும், ரேடியேற்றரின் பிளாஸ்ரிக் பக்கமும் அலுமினியப் பக்கமும் சேரும் கோட்டையும், டேங்கின் அடித்தையலையும் பாருங்கள். வோட்டர் பம்பின் அடியில் ஒரு சிறிய துளை இருக்கும். உள்ளே இருக்கும் சீல் தேயும்போது கசிவு வெளியே தெரிவதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது. அதிலிருந்து கீழ்நோக்கி ஒரு நிறக்கோடு காய்ந்திருந்தால் பம்பின் காலம் முடிகிறது.

மலையகத்துக்குச் சிறப்பாக உரிய ஒன்று, குளிரில் மட்டும் கசிவது. இரவில் ரப்பர் ஹோஸ் இறுகிச் சுருங்கும்போது பழைய கிளிப்பின் பிடி தளர்ந்து, விடியற்காலையில் சில சொட்டு கசியும். எஞ்சின் சூடானதும் ரப்பர் விரிந்து இடைவெளியை மூடிக்கொள்ளும். பகலில் கராஜில் எவ்வளவு தேடினாலும் அது அகப்படாது. இரவு காருக்கு அடியில் ஒரு வெள்ளைக் கார்ட்போர்ட் மட்டையை விரித்து வைத்து, எஞ்சினைத் தொடங்கும் முன் பார்ப்பதே இதற்கு வழி.

வாகனத்துக்கு உள்ளேயும் கசியலாம். முன்கண்ணாடியின் உட்பக்கத்தில் எண்ணெய்ப் பசையுள்ள புகைமூட்டம் படிவது, இனிப்பான ஒரு மணம், முன் இருக்கையின் கால்விரிப்பு ஈரமாவது ஆகியவை, காருக்குள் சூடான காற்றைத் தரும் சிறிய ரேடியேற்றரான ஹீற்றர் கோர் கசிவதன் அடையாளங்கள். ஏசி ஓடும்போது காருக்கு அடியில் சொட்டுவது நிறமும் மணமும் பசையும் இல்லாத வெறும் தண்ணீர். அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை என்றால் அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் கைப்பம்புள்ள அளவுமானியைப் பொருத்தி, மூடியில் குறிக்கப்பட்ட அழுத்தம் வரை காற்றடித்து, கால் மணி நேரமாவது முள் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். சோதனையை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது செய்யச் சொல்லுங்கள். அதற்காக முதல் நாள் மாலையே காரைக் கராஜில் விட வேண்டியிருந்தாலும் விடுவது நல்லது. சூடான எஞ்சினில் மட்டும் செய்த சோதனை, குளிர்க் கசிவைக் காட்டிக் கொடுக்காது.

மூடியை மாற்றச் சொல்கிறார்கள். ஒரு சிறிய மூடி இவ்வளவு முக்கியமா?

மலையகத்தில் அதைவிட முக்கியமான மலிவான பாகம் வேறில்லை என்பது என் கருத்து.

உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். கடல் மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், கண்டியில் சுமார் 98 பாகையிலும், ஹட்டனில் சுமார் 96 பாகையிலும், நுவரெலியாவில் சுமார் 94 பாகையிலும் கொதிக்கிறது. எஞ்சினோ சாதாரணமாகவே 90 பாகைக்கு மேல்தான் ஓடுகிறது. நீண்ட ஏற்றத்தில், ஆள் நிறைந்த வாகனத்தில், 100 பாகையைத் தாண்டும்.

ரேடியேற்றர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்துக் கொதிநிலையை உயர்த்துகிறது. மூடியின் மேல், அது பிடித்து வைக்கும் அழுத்தத்தைக் காட்டும் 0.9, 1.1, 1.4 என்பது போன்ற ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். 1.1 என்ற மூடி நல்ல நிலையில் இருந்தால், வெறும் தண்ணீர்கூடக் கொழும்பில் ஏறக்குறைய 122 பாகையிலும் நுவரெலியாவில் ஏறக்குறைய 119 பாகையிலும்தான் கொதிக்கும். உயரத்தால் வரும் வேறுபாடு மூன்று பாகை மட்டுமே. மூடியின் ரப்பர் வெடித்துவிட்டால் அந்த 119 பாகை 94 பாகைக்கு இறங்கிவிடும். கொழும்பில் ஆறு பாகை கூடுதலாகக் கிடைப்பதால் அங்கே ஒருவாறு சமாளித்து ஓடிய பழுதான மூடி, இறம்பொடை ஏற்றத்தில் திரவத்தைக் கொதிக்கவிட்டு வெளியே தள்ளும். மறுநாள் காலை குளிரில் மட்டம் தாழ்ந்து விளக்கு எரியும். ஏற்றம் ஏறியது நேற்று, விளக்கு எரிவது இன்று என்பதால் பலர் இரண்டையும் தொடர்புபடுத்துவதில்லை.

மூடிக்குள் இன்னொரு சிறிய வால்வும் உண்டு. எஞ்சின் குளிரும்போது அது உள்நோக்கித் திறந்து, ரிசேர்வ் டேங்கில் இருந்து திரவத்தைத் திரும்ப ரேடியேற்றருக்குள் இழுக்க விடுகிறது. அது சிக்கிக்கொண்டால், காலையில் மேல் ஹோஸ் உறிஞ்சப்பட்டதுபோல் சப்பையாகக் கிடக்கும்; ரிசேர்வ் டேங்க் நிறைந்திருக்க, ரேடியேற்றர் குறைந்திருக்கும். ரேடியேற்றர் மேலேயே மூடி உள்ள கார்களில் டேங்கை மட்டும் பார்த்துத் திருப்திப்படக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

புதிய மூடி வாங்கும்போது பழையதில் உள்ள அதே எண்ணுள்ளதை வாங்குங்கள். கூடிய எண்ணுள்ள மூடி பழைய ஹோஸையும் ரேடியேற்றரையும் வெடிக்க வைக்கக்கூடும்.

மட்டம் சரி, கசிவும் இல்லை. விளக்கு மட்டும் எரிகிறது. சென்சரை எப்படிச் சோதிப்பது?

சென்சர் பொதுவாக இரண்டு வகைப்படும். ஒரு வகையில், டேங்கிற்குள் இரண்டு உலோக ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும். திரவம் அவற்றை மூடியிருக்கும்போது ஊசிகளுக்கிடையே மின்சாரம் பாயும். ஃபோக்ஸ்வாகன், ஆவுடி கார்களில் இந்த வகையைப் பரவலாகக் காணலாம். ஊசிகளில் படிவு ஒட்டினால் மின்சாரம் தடைப்பட்டு, டேங்க் நிறைந்திருந்தாலும் விளக்கு எரியும். மற்றைய வகையில், காந்தம் பொருத்திய மிதவை ஒன்று திரவத்தோடு ஏறி இறங்கி ஒரு சுவிட்சை இயக்கும். துருவும் சேறும் சேர்ந்தால் மிதவை சிக்கிக்கொள்ளும்.

முதலில் எஞ்சினை அணைத்து, முற்றிலும் குளிரவிட்டு, சென்சரின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பித்தளை நிறத்தில் பளபளக்க வேண்டிய முனைகளில் பச்சை நிறத் தூள் பூத்திருந்தால் ஈரம் உள்ளே போயிருக்கிறது. தென்மேல் பருவமழை அடிக்கும் வைகாசி முதல் புரட்டாதி வரை ஹட்டன், நாவலப்பிட்டி பக்கங்களிலும், வடகீழ் மழைக்காலத்தில் பதுளைப் பக்கத்திலும் இந்தப் பழுது அதிகமாக வெளிப்படும். மின்முனைகளுக்கான ஸ்ப்ரே அடித்துத் துடைத்து, உலரவிட்டுப் பொருத்தினால் பல வேளைகளில் போதுமானது. அங்கிருந்து வயர் போகும் வழியையும் பார்க்க வேண்டும்; லயத்துப் பக்கத்திலோ மரக்கறித் தோட்டத்துப் பக்கத்திலோ இரவில் நிறுத்தும் வாகனங்களில் எலி கடித்த வயர் அரிதல்ல.

மிதவை வகை என்றால், பிளக்கைக் கழற்றிய நிலையில் மல்டிமீற்றரைச் சென்சரின் இரண்டு முனைகளிலும் வைத்து, மட்டம் நிறைந்திருக்கும்போது ஒரு தடவையும், திரவத்தைச் சிறிது வெளியே எடுத்துவிட்டு ஒரு தடவையும் மின்தடையை அளக்க வேண்டும். இரண்டு அளவுகளும் தெளிவாக வேறுபட வேண்டும். வேறுபடவில்லை என்றால் மிதவையோ சுவிட்சோ பழுது. வேறுபடுகிறது என்றால் சென்சர் நல்லது. பழுது வயரிலோ டேஷ்போர்டிலோ இருக்கிறது. எந்த நிலையில் சுற்று மூடியிருக்க வேண்டும் என்பது காருக்குக் கார் மாறுவதால், பிளக்கில் வயர்த்துண்டைச் செருகி விளக்கை அணைத்துப் பார்க்கும் முறையை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

போன வாரம்தான் கூலன்ட் மாற்றினேன். இப்போதுதான் எரிகிறது.

பெரும்பாலும் உள்ளே காற்று சிக்கியிருக்கும். ஓட ஓடக் காற்றுக் குமிழி இடம்பெயர்ந்து வெளியேற, அதன் இடத்தைத் திரவம் பிடித்துக்கொள்வதால் டேங்கின் மட்டம் இறங்கும். எஞ்சின் ஐட்லில் இருக்கும்போது ஹீற்றரில் குளிர்காற்று வருவதும், டேஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் சலசலப்பதும் இதை உறுதிப்படுத்தும். காற்று எடுக்கும் திருகாணி இருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டும். நம் ஊரில் சாய்வான இடத்துக்குப் பஞ்சமில்லை. காரின் முன்பக்கம் உயர்ந்திருக்கும்படி நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, ஹீற்றரை முழுச் சூட்டில் திறந்து வைத்துக் காற்றெடுத்தால் வேலை எளிதாகும். ஒரு தடவை நிரப்பிய பின் மட்டம் நின்றுவிட வேண்டும். இரண்டாம், மூன்றாம் தடவையும் இறங்கினால் அது சிக்கிய காற்றல்ல, கசிவு.

ஒயில் மூடிக்கு அடியில் பால் நிறத்தில் பசை இருக்கிறது. ஹெட் கேஸ்கட் போய்விட்டதா?

ஹெட் கேஸ்கட் என்பது எஞ்சினுக்கும் அதன் மேற்பகுதியான ஹெட்டுக்கும் இடையில் உள்ள அடைப்புத் தகடு. அவசரப்பட்டு எஞ்சினைப் பிரிக்க வேண்டாம். குளிரான ஊரில், வீட்டிலிருந்து கடைக்கும் பாடசாலைக்கும் மட்டும் ஓடும் கார்களில், எஞ்சின் முழுதாகச் சூடாவதற்குள் நிறுத்தப்படுவதால் உள்ளே ஈரம் படிந்து, ஒயில் மூடியின் அடியில் மட்டும் பால் நிறப் பசை சேரும். நுவரெலியாவிலும் அப்புத்தளையிலும் இது சாதாரணம். ஒயில் அளக்கும் கம்பியை எடுத்துப் பாருங்கள். கம்பியில் ஒயில் தெளிவாக இருந்து, கூலன்ட் மட்டமும் இறங்காமல் இருந்தால், ஒரு நீண்ட பயணத்துக்குப் பின் மறுபடி பார்ப்பதே போதும்.

கம்பியிலும் ஒயில் பால்போல இருப்பது, குளிர்ந்த எஞ்சினைத் தொடங்கிய இரண்டொரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லாக இறுகுவது, டேங்கில் இடைவிடாமல் குமிழி வருவது, சூடான பின்னும் புகைக்குழாயில் இனிப்பு மணத்தோடு வெள்ளைப் புகை நிற்காமல் வருவது ஆகியவை வேறு விஷயம். இவற்றில் ஒன்று இருந்தாலும் ஓட்டுவதை நிறுத்திவிட்டு, கூலன்டில் எஞ்சின் புகை கலந்திருக்கிறதா என்று நீல நிற இரசாயனத் திரவத்தால் பார்க்கும் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். எஞ்சின் புகை கூலன்டுக்குள் புகுந்திருந்தால் அந்த நீலம் மஞ்சளாக மாறும். எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் இந்தச் சோதனையைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை.

ஹைபிரிட் காரில் இது வேறுபடுமா?

டொயோட்டா அக்குவா, பிரியஸ் போன்றவற்றில் எஞ்சினுக்கு ஒரு கூலன்ட் சுற்றும், பெட்டரி மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேர்ட்டருக்குத் தனியாக இன்னொரு சுற்றும் உண்டு. இரண்டு டேங்குகளையும் பார்க்க வேண்டும். இன்வேர்ட்டர் சுற்றைத் திறப்பதும் காற்றெடுப்பதும் பழகியவர்கள் செய்ய வேண்டிய வேலை.

பீலித் தண்ணீர் நல்ல சுத்தமான தண்ணீர்தானே. அதையே ஊற்றலாமா?

குடிப்பதற்கு நல்லது, எஞ்சினுக்கு அல்ல. ஊற்றுத் தண்ணீரில் கரைந்துள்ள தாதுக்களும் பிராணவாயுவும் அலுமினியத்தையும் இரும்பையும் அரிக்கும். அவசரத்தில், நடுவழியில், வேறு எதுவும் இல்லாதபோது ஊற்றுவதில் தவறில்லை. எஞ்சின் எரிந்துபோவதைவிட அது மேல். ஆனால் ஊர் வந்ததும் முழுவதையும் மாற்றிவிட வேண்டும்.

கையேட்டில் சொன்ன தரத்திலான கூலன்டையே வாங்குங்கள். நிறத்தை வைத்து வாங்கக்கூடாது. ஒரே இளஞ்சிவப்பு நிறத்தில் வெவ்வேறு இரசாயனங்கள் விற்பனையாகின்றன, பொருந்தாதவற்றைக் கலந்தால் சில வேளை கூழாகித் துளைகளை அடைக்கும். செறிவாக வாங்கினால் காய்ச்சி வடித்த நீரோடு பாதிக்குப் பாதி கலப்பது பெரும்பாலான கார்களுக்குப் பொருந்தும். அந்தக் கலவை வெறும் தண்ணீரைவிடக் கூடிய சூட்டில் கொதிப்பதால் ஏற்றத்திலும் உதவும். வடித்த நீரை பெட்டரிக் கடையில் வாங்கும்போது போத்தலின் பெயரை நன்றாக வாசியுங்கள்; பெட்டரி அசிட்டும் பக்கத்திலேயே அதே மாதிரிப் போத்தலில் இருக்கும்.

வழியில் திடீரென்று எரிந்தால் என்ன செய்வது?

வெப்பநிலை சாதாரணமாக இருந்தால், அடுத்த பாதுகாப்பான அகலமான இடத்தில் நிறுத்துங்கள். குறுகிய முடக்கில் நிறுத்த வேண்டாம். சமதரையில் நிறுத்தியதும் விளக்கு அணைந்து, டேங்கின் வெளிப்பக்கத்திலிருந்து பார்க்கும்போது திரவம் கோட்டுக்கு அருகில் தெரிந்தால், அவதானமாகத் தொடரலாம். வெப்பநிலையும் ஏறிக்கொண்டிருந்தால் ஏசியை அணைத்து, ஹீற்றரையும் அதன் விசிறியையும் முழு அளவில் திறந்து உடனே ஓரம் தேடுங்கள். ஆவி கிளம்பினால் நிறுத்தியதும் எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

சூடான மூடியைத் திறக்க வேண்டாம். உள்ளே அழுத்தத்தில் அடங்கியிருக்கும் திரவம், மூடி தளர்ந்த கணத்தில் முழுவதும் கொதித்து முகத்திலும் கையிலும் பீறிடும். துணியைச் சுற்றித் திறந்தாலும் ஆபத்து குறையாது. முக்கால் மணி நேரமாவது காத்திருந்து, மேல் ஹோஸைத் தொட்டு, அது சூடில்லாமலும் அழுத்தினால் குழையும்படியும் இருந்தால் மட்டும் திறக்கலாம். சூடான எஞ்சினில் குளிர்ந்த பீலித் தண்ணீரைச் சட்டென்று ஊற்றினால் ஹெட் வெடிக்கக்கூடும். சுற்றுலாப் பருவத்தில் பிள்ளைகளோடு வருபவர்கள் பின்னால் வரும் வாகனங்களின் அவசரத்தைப் பார்த்துக் காத்திருப்பைச் சுருக்கிக்கொள்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

கசிவை அடைக்கும் மருந்து ஊற்றலாமா? விளக்கின் வயரைக் கழற்றிவிடலாமா?

இரண்டும் வேண்டாம். அந்த மருந்து ரேடியேற்றரிலும் ஹீற்றர் கோரிலும் உள்ள மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைக்கும். ஏற்றம் அதிகமுள்ள ஊரில் ரேடியேற்றரின் முழுத் திறனும் தேவை. வயரைக் கழற்றினால் எஞ்சினுக்கான முன்னெச்சரிக்கை போய்விடும்.

வடித்த பழைய கூலன்டை எங்கே ஊற்றுவது?

கானிலோ ஓடையிலோ ஊற்ற வேண்டாம். எதிலீன் கிளைக்கோல் இனிப்பான நஞ்சு. நாய்கள் விரும்பி நக்கும், சிறு பிள்ளைகள் குடித்துவிடலாம். மேலே நீங்கள் கூலன்டை ஊற்றும் ஓடையின் தண்ணீரைக் கீழே ஏதோ ஒரு லயத்துக் குடும்பம் குடிக்கிறது. மூடியுள்ள கலனில் சேர்த்து, கழிவு ஒயில் சேகரிக்கும் சேர்விஸ் நிலையத்தில் கேட்டு ஒப்படையுங்கள். கொள்கலனின் மேல் தமிழிலும் சிங்களத்திலும் நஞ்சு என்று எழுதி வையுங்கள்.

பழுது பார்த்தாயிற்று. உண்மையிலேயே சரியாகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விளக்கு எரியவில்லை என்பது மட்டும் போதாது. ஒட்டுத்தாளின் கோட்டில் மட்டம் நிற்கிறதா என்பதே சான்று. முதல் வாரம் ஒவ்வொரு காலையும், எஞ்சினைத் தொடங்கும் முன் பாருங்கள். அந்த வாரத்துக்குள் ஆள் நிறைந்த ஒரு நீண்ட ஏற்றப் பயணமும், குளிரில் ஓர் இரவு முழுவதும் நிறுத்தியதும் நடந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் பிறகு மட்டம் மாறவில்லை என்றால், அதன்பின் மாதம் ஒரு தடவை பார்த்தால் போதும். ஒரு விரல் அளவு இறங்கியிருந்தால், மேலும் ஊற்றாமல், குறிப்பையும் காரையும் அதே பாஸிடம் கொண்டுபோய் அழுத்தச் சோதனையைக் குளிர்ந்த எஞ்சினில் மறுபடி செய்யச் சொல்லுங்கள்.